பூட்டுக்காரரின் கண்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? லாண்டரி நீராவியிலிருந்து அப்படியே குளிர்காற்றில் இறங்கி நடக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இதைக் கப்பல்காரச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உறை பிரிந்துதான் போகிறது. போனில் பேசினால் நமக்கு நடுவில் இன்னொருவர் மூச்சு விடுகிறார். இனி சித்தப்பாவின் கப்பல் உன் பக்கம் வரும்போதுதான் என் எழுத்து உனக்கு வரும். பதில் தாமதமானால் நீயும் பதறாதே, நானும் பதறமாட்டேன்.

உன் அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தையல் அறையில் கூடியிருந்தோம். நீ இங்கே இருந்த காலத்து முறையேதான். ஜன்னலைச் சாத்திவிட்டு நாலு மெஷினையும் ஆளுக்கொருவராக வெறுமனே மிதிப்போம். மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்கு அடியில் பாடுவார்கள். அன்று காஜா எடுக்கிற அம்மாவும் மிதித்தார், நானும் மிதித்தேன். பாட்டு முடிந்து அத்தான் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக்கூட இல்லை. பூட்டுப் பக்கம் ஏதோ நெரிந்தது, கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது யார் தெரியுமா? எதிர்க்கடைப் பூட்டுக்காரர், கையில் கம்பியும் சுத்தியலுமாக. அவருக்குப் பின்னால் அதிகாரிகள். எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டு, வீட்டுக்காரர் என்று அத்தானை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். அனுமதி இல்லாமல் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார் என்று கேஸ். இரண்டு வருஷம் வரை போடலாமாம். தடயம் என்று சொல்லி நாலு மெஷினில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வண்டியில் ஏறும்போது அத்தான் திரும்பி, "அந்த நீலச் சட்டைக்குக் காலர் இன்னும் திருப்பல, மறந்துடாதே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் அதைத்தான் முடித்தேன். பூட்டு இருந்த இடத்தில் இப்போது கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. துணி அடைத்திருக்கிறேன்.

நம் அம்மா வைத்த முறையில் எதையும் விடவில்லை. பாட்டு முடிந்ததும் பகைவருக்காக ஒரு விண்ணப்பம். தனியாக உட்கார்ந்து மெல்லப் பாடி முடித்து, "பூட்டுக்காரருக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அம்மா சொல்வாளே, "'அவரைத் திருத்தும்'னு கேட்டா அது நமக்காகக் கேக்குறது. அவரு தனக்கு என்ன கேட்டுக்குவாரோ அதைக் கேளு" என்று. இத்தனை வருஷம் எதிரெதிரே இருந்தும் அந்த மனுஷனுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. இனிதான் விசாரிக்க வேண்டும்.

நீ அங்கே தைரியமாக இரு. உன் தைரியம் இங்கே எனக்கும் வேண்டியிருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 20

என் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம், இருமலும் என்னோடு சுகமாக இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உண்மையைச் சொல்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே நின்றேன். ஆஸ்பத்திரி விரிப்பு எது, ஓட்டல் விரிப்பு எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே அடுக்காக அடுக்கிவிட்டேன். மேஸ்திரி கத்தினார். கத்தட்டும்.

இங்கே சபைப் பெரியவரின் அக்கா மகள் நம் ஊர்க் கோர்ட்டில்தான் வக்கீலாம். அவரிடம் பேசியாகிவிட்டது. வக்கீலம்மா உன்னை வந்து பார்ப்பார். கேட்கிற கேள்விக்கெல்லாம் உன் வழக்கம்போல மழுப்பாமல் பதில் சொல்.

இந்தச் சபையைப் பற்றி நான் உனக்கு எழுதாத ஒன்று உண்டு. இங்கே ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, தெருவே கேட்கிற மாதிரி பாடுகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வந்த நாளிலிருந்து எனக்கு அங்கே ஒரு பாட்டும் வாயில் வரவில்லை. உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறேன். மெஷின் சத்தம் இல்லாமல் எனக்குப் பாடத் தெரியாது அக்கா. நீங்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி.

மாதத்தில் ஒரு ஞாயிறு உபத்திரவப்படுகிற விசுவாசிகளுக்காக ஜெபம் வைப்பார்கள். பெயர் வேண்டாம் என்று 'ஒரு தையல்காரர்' என்று மட்டும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா அத்தானை நேரில் பார்த்தமாதிரி அழுதார். இன்னொருவர் எழுந்து, சத்துருக்களின் கைகள் முடங்கிப் போகட்டும் என்று ஜெபித்தார். எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள். நான் மட்டும் சத்தமாக ஆமென் போட்டேன்.

பூட்டுக்காரருக்காக நீ ஜெபிக்கப் போகிறாயா? அம்மா அவருடைய பல்லுக்காக ஜெபித்த கதை மறந்துவிட்டதா? நம் வீட்டுத் தண்ணீர் அவர் வாசலில் ஓடுகிறது என்று அவர் தினமும் சண்டைக்கு வந்த காலம். கன்னம் வீங்கிப் பேச்சே வராமல் போனது. நாமெல்லாம் அப்பாடா என்று இருந்தோம். அம்மா மட்டும் முழங்கால் போட்டு அவர் பல்வலி தீரட்டும் என்று கேட்டாள். வீக்கம் வடிந்தது. முழு பலத்தோடு திட்ட வந்தார். தெருக்கோடி வரை கேட்டது. அம்மா உள்ளே உட்கார்ந்து, "பாத்தியா, நல்லா பேசறாரு" என்று சந்தோஷப்பட்டாள்.

அத்தானைப் பார்க்கும்போது நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

ஆசீர்வாதம். நான் சாப்பிடுகிறேன். தூக்கத்தைப் பற்றி நீ கேட்டது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

பல்வலிக் கதையைப் படித்துத் தையல் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். காஜா அம்மா எட்டிப்பார்த்து, "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்று பயந்துவிட்டார். அம்மாவின் அந்தச் சந்தோஷம் எனக்கும் அப்படியே நினைவிருக்கிறது. கையில் ஊசியோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவர் திட்டுகிற திட்டைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

அத்தானைப் பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பிவலை. இளைத்திருக்கிறார், தாடி வெளுத்துப்போயிற்று. நீ கேட்டதாகச் சொன்னேன். "அவன் இருமலை நிறுத்தச் சொல்லு" என்றார். வக்கீலம்மாவும் வந்துபோனார். சின்ன வயசு, நல்ல பெண், செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசுகிறாள்.

பூட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒரு ஆள் அவர் கடை வாசலில் நின்று கத்தினார், போட்டுக்கொடுத்த சாவி மறுபடியும் சேரவில்லை என்று. பூட்டுக்காரர் பதிலுக்குக் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. சாவியை வாங்கி அதன் பல்லை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். கண் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். இரண்டு கண்ணிலும் புரை, இந்தச் சில மாதத்தில் முற்றிவிட்டதாம். அந்த மனுஷனுக்குத் தொழிலே கண்ணும் விரலும்தானே. கத்தத் தெரிந்தவர் கத்தாமல் நின்றது எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அதனால் அவர் கண்ணுக்காகக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். உன் சபையிலும் சொல். தையல்காரருக்கு ஜெபிக்கும்போது பக்கத்திலேயே ஒரு பூட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளச் சொல். கை முடங்கும்படி கேட்டாரே, அவரிடமே சொன்னால் இன்னும் நல்லது.

அங்கே குளிர் விட்டதா என்று எழுது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

சுகம் விசாரிப்பதையெல்லாம் இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

வக்கீலம்மா எனக்கு எழுதியிருக்கிறார். விசாரணை செப்டம்பரில் வருகிறது. அதிகாரிகள் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாதாம், வெளியாள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்த வெளியாள் உன் பூட்டுக்காரர்தான். அன்றைக்கு முதலில் உள்ளே வந்தவர், அத்தான் வாசித்ததைப் பார்த்தவர். எதிர்வீட்டுத் தையல்காரர் என்று வாயால் சொன்னால் போதாதாம், கோர்ட்டில் ஆட்களை நிறுத்திவைத்து, இதில் யார் என்று காட்டச் சொல்வார்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் கேஸ் அங்கேயே விழுந்துவிடும். அத்தான் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். வக்கீலம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அந்த மனுஷருக்குக் கண் எப்படி?

படித்ததும் நான் லாண்டரியில் துள்ளிக் குதித்தேன் அக்கா. நமக்காகவே அவர் கண்ணில் புரை வந்தமாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே உன் கடிதம் நினைவுக்கு வந்தது. நீ கேட்டு அது நடந்து தொலைக்கப்போகிறது. உன் ஜெபத்தைப் பற்றி எனக்கு அந்த அளவுக்கு விசுவாசம் இருக்கிறது.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். செப்டம்பர் வரைக்கும் அவருக்கு வேறு எதையாவது கேள். முழங்கால், முதுகு, வியாபாரம், எது வேண்டுமானாலும். கண்ணை விட்டுவிடு. அத்தான் வெளியே வந்த மறுநாளே நானும் சேர்ந்து கேட்கிறேன், ஒரு கண்ணுக்கு இரண்டு கண்ணாக.

நான் சுகம். நீ சுகமா? அத்தான் சுகமா?

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் பேனா அழுத்தியது பின்பக்கம் வரை தெரிகிறது. அவ்வளவு அழுத்தாதே.

பள்ளிக்கூடச் சீருடை வேலை வந்திருக்கிறது. இரண்டே மெஷின் என்பதால் காஜா அம்மாவும் நானும் முறை வைத்து உட்காருகிறோம். மழை பெய்தால் கதவு ஓட்டையில் இருக்கிற துணி ஊறிப்போகிறது. பிழிந்து மறுபடி அடைக்கிறேன்.

நீ சொன்னபடி பூட்டுக்காரருக்கு முதுகு எப்படி என்று விசாரித்தேன். நன்றாக இருக்கிறதாம். முழங்காலும் தேவலையாம்.

அத்தானிடம் நீயும் வக்கீலம்மாவும் சொன்னதைச் சொன்னேன். கம்பிவலையில் நெற்றியை வைத்தார். அப்புறம் கேட்டார்: "அத்தை இருந்தா எதைக் கேக்கச் சொல்லியிருப்பாங்க?"

"கண்ணைத்தான்," என்றேன்.

"அப்புறம் எங்கிட்ட ஏன் கேக்குற?" என்றார். அதற்குள் நேரமாகிவிட்டது என்று விரட்டிவிட்டார்கள்.

பூட்டுக்காரருக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. கூட ஒரு ஆள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். மனைவி போய்ச்சேர்ந்துவிட்டார், மகள் எங்கேயோ தூரத்தில். யாரோ கூட இருந்திருக்கிறார்கள் போல.

உனக்கு ஒரு கம்பளிச் சட்டை தைத்து சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கை நீளம் பழைய அளவில்தான் வைத்தேன். நீ இன்னும் வளர்ந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

சட்டை கிடைத்தது. சரியாக இருக்கிறது.

"யாரோ கூட இருந்திருக்கிறார்கள் போல." இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கடிதம் வாங்க வந்த அன்று நீ வீட்டில் இல்லை, எதிர்க்கடையில் அந்த ஆளை அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாய் என்று சித்தப்பா சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நீதான், கூட இருந்ததும் நீதான், வேளைக்கு வேளை தெருவைத் தாண்டிப்போய் மருந்து விடுவதும் நீதான்.

ஜெபம் வேறு, அக்கா. ஜெபித்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நீ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். நம் கதவை உடைத்தவனுக்கு, நம் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கண் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அத்தான் உன் புருஷன்தானே? அவர் உள்ளே கிடக்கிறது உனக்கு வலிக்கவில்லையா?

இதற்குமேல் எழுதினால் தப்பாக எழுதிவிடுவேன்.

தம்பி


அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

வலிக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். வலிக்கிறது. அவர் படுக்கிற பக்கத்தில் தைக்காத துணிக்கட்டை அடுக்கி வைத்திருக்கிறேன், வெறுமையாகத் தெரியக்கூடாது என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஆபரேஷன் சரியாக வராமல் போனால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன். நான்தான் நினைத்தேன், வேறு யாரும் இல்லை. அந்த நினைப்புக்குப் பயந்துதான் இன்னும் அதிகமாக ஜெபித்தேன்.

சேர்க்கிற அன்று அவரே கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து, என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு, "கண்ணு வந்தா கோர்ட்டுல உன் புருஷனைக் கைகாட்டுவேன், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்," என்றேன்.

"பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ற ஆளு நான் இல்ல."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"உங்களுக்குக் கண்ணு வேணுமில்ல," என்றேன். உர்ரென்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விசாரணை முடிந்துவிட்டது. அத்தானோடு இன்னும் சிலரை வரிசையாக நிறுத்தினார்கள். எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை. வக்கீலம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பூட்டுக்காரர் மெதுவாக நடந்துவந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தானுக்கு நேரே வந்ததும் நின்றார். விரலை நீட்டினார். "இவருதான். புஸ்தகம் படிச்சிக்கிட்டிருந்தாரு. அவ்வளவுதான் பண்ணாரு" என்றார்.

இரண்டு வருஷம். உள்ளே இருந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்களாம்.

வெளியே கொண்டுபோகும்போது அத்தான் என் பக்கமாக வந்தார். "கண்ணு நல்லா வந்திருக்கே" என்றார். நான் சிரித்தேன். வண்டி திரும்பி மறைகிற வரை சிரித்தேன். அப்புறம் காஜா அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீ என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் அக்கா


டிசம்பர் 1

தம்பிக்கு,

ஆசீர்வாதம். சித்தப்பா வெறுங்கையோடு வந்தார். "எதுவும் தரலம்மா, சுகமாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தார். சுகமாக இருக்கிறாய் என்பதே போதும் என்று சொல்ல ஆசைதான். போதவில்லை.

அத்தானை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தையல் கூடம் இருக்கிறது. காவலர்களுக்குச் சட்டை தைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தோள் அளவு ஒன்றும் சரியில்லை என்று புலம்புகிறார். அப்புறம் வலைக்குப் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னார்: "ரூம் முழுக்க மெஷின். அவ்வளவு சத்தம். நம்ம வீட்டைவிட இங்க வசதி. வாய்விட்டே பாடறேன்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த முகம்.

இங்கே மறுபடி கூட ஆரம்பித்திருக்கிறோம். கொஞ்சப் பேர்தான். இரண்டு மெஷின் சத்தத்துக்கு ஏற்றமாதிரி முணுமுணுப்பாகத்தான் பாட வேண்டியிருக்கிறது. நேற்று நான் அம்மாவின் மெஷினை மிதித்தேன். அதன் மிதிபலகை இடதுபக்கம் இன்னும் கிரீச்சென்கிறது. நீ அந்த மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, அவள் பாதத்தின் மேல் உன் பாதத்தை வைத்துக்கொண்டு பாடப் பழகியவன். அவள் வேகமாக மிதித்தால் பாட்டும் வேகமாகும். ஒருநாள் நூல் அறுந்து அவள் சட்டென்று நிறுத்த, நீ பாட்டின் பாதி வார்த்தையிலேயே நிறுத்திவிட்டாய். மறுபடி மிதிக்கும் வரை மீதி வார்த்தை வரவில்லை. எவ்வளவு சிரித்தோம்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. நினைவு வந்தது, சொன்னேன்.

அக்கா


பிப்ரவரி 3

என் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ சுகமா? உன் தூக்கம் சுகமா? இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு நீ ஒன்றும் கேட்கமாட்டாய், எனக்குத் தெரியும். கேட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

சபைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். தையல்காரருக்காக அழுத அந்த அம்மா என்னைத் தேடி லாண்டரிக்கே வந்துவிட்டார். இங்கே பெரிய மெஷின்கள் எல்லாம் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அவர் ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன், கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

அவர் போன பிறகு விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் பையில் இருந்தது. பூட்டுக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் மடித்தேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு. இந்த ஊருக்கு வந்து முதல் தடவை. அம்மா மிதிக்கிற வேகத்திலேயே வந்தது. மேஸ்திரி கடந்துபோனார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வாய் நிற்கவில்லை. அம்மா முறையில் அடுத்தது பகைவருக்கு விண்ணப்பம் அல்லவா? பழக்கதோஷத்தில், 'பூட்டுக்காரர் கண்ணுக்கு' என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அத்தானை அவர் விரல் நீட்டிக் காட்டியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோக முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். இப்போது அவருக்கு என்ன வேண்டும்? விசாரித்து எழுது. தெரியாமல் எப்படிக் கேட்பது?

சரியாக இருக்கிறது என்று அன்று எழுதிவிட்டேன், உண்மையில் கம்பளிச் சட்டை கொஞ்சம் இறுக்கம். நான் வளர்ந்துதான் இருக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 22

என் கண்ணான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரித்துச் சரிசெய்தாயிற்று. அத்தான் சுகம். நான் சுகம், தூங்கவும் தூங்குகிறேன்.

பூட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரம் அவரே நம் வாசலில் வந்து நின்றார். கையில் அதே கம்பி, அதே சுத்தியல். மறுபடியும் அதிகாரிகளோ என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் கதவு ஓட்டையிலிருந்து துணியை உருவிக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது நான் பண்ணதா?" என்றார்.

"ஆமா."

"அன்னைக்குத் தெரியல. இப்ப என் கடையிலேருந்து பாத்தா இதுதான் மொதல்ல தெரியுது. கண்ணு வந்ததுல இது ஒரு இம்சை."

மரத்துண்டு வைத்து அடைத்து, புதுப்பூட்டு பொருத்தி, சாவியை என் கையில் கொடுத்தார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். படி இறங்கின பிறகு திரும்பாமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம பாட்டு வெளிய கேக்குது. துணி அடைச்சா சத்தம் நிக்குமா? ரெண்டு மெஷின் எந்த மூலைக்கு? மறுபடி கதவத் திறக்க என்னைத்தான் கூப்புடுவாங்க. எனக்கு வேற வேலை இல்லையா?"

எனக்குப் பயமாகிவிட்டது. இவர் இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாரே, போய்ச் சொல்லிவிடுவாரோ என்று காஜா அம்மாவும் நானும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டோம். ஞாயிறு கூடுவதா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கூடினோம். ஜன்னலைச் சாத்தி, மிதிக்க ஆரம்பித்தோம். முதல் அடி பாடியதும் தெருவில் பெரிய சத்தம், இரும்பை அறுக்கிற மாதிரி. எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டோம். நான் போய் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன்.

பூட்டுக்காரர் கடையைத் திறந்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்து நான் பார்த்ததே இல்லை. சாவி வெட்டுகிற மெஷினை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். வாங்க ஒரு ஆளும் நிற்கவில்லை. ஒரு பழைய தகட்டைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டுப் பக்கமே பார்க்காமல், தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி, அதில் சாவியே இல்லை. நாம் மிதிப்போமே, அதே மாதிரி. வெறும் மெஷின்.

திரும்பிவந்து, "பாடுங்க" என்றேன். அன்றைக்குப் பாடிய மாதிரி இந்த வீட்டில் அம்மா காலத்துக்குப் பிறகு பாடியதில்லை.

நாங்கள் முடித்துக் கதவைத் திறக்கிற வரை அவரும் நிறுத்தவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. எனக்கு அவரை நினைத்துப் பயமும் சேர்ந்துகொண்டது. யாராவது கவனித்தால் அவரும் அத்தானோடு போய்ச் சேரவேண்டியதுதான். நன்றி சொல்லப் போனால் விரட்டுவார் என்று தெரியும். அதனால் நீ கேட்ட கேள்வியை மட்டும் கேட்டேன்: உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்? வழக்கம்போல உர்ரென்று பார்த்தார். "ஒண்ணும் வேணாம் போ" என்றார். நான் போகாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதைத் தேய்த்துக்கொண்டே, "அந்த மெஷின் சத்தத்துல ரெண்டு காதும் வலிக்குது" என்றார்.

இந்த மாத ஜெபத்தில் தையல்காரருக்குப் பக்கத்தில் அவரையும் வை. உன் சபையில் எழுந்து நின்று நீயே சொல். பூட்டுக்காரருக்குக் காது வலியாம்.

உன் பாட்டுச் சத்தத்தைக் கேட்கக் காத்திருக்கும்,
உன் அக்கா